ராஃப்டிங் போகிற கையில் விலை கூடின வாட்ச்

செட்டிநாட்டில் ரப்பர் படகில் ராஃப்டிங் விடுகிற ஆறு கிடையாது. இருப்பது ஊரணியும் கண்மாயும்தான். ஆனால் காசிக்குப் போகிறவர்கள் நகரத்தார் சத்திரத்தில் நாலு நாள் தங்கிவிட்டு, கூட வந்த பிள்ளைகளுக்காக ரிஷிகேஷ் வரை போய்விட்டு வருகிறார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் குடகுக்குப் போனால் துபாரேயில் ரப்பர் படகு ஏறாமல் திரும்புவதில்லை. மலேசியாவில் உறவுக்காரர்கள் இருந்தால் ஈப்போ பக்கம் கோப்பெங்கில் ஒரு நாள். அந்த நேரத்தில் கையில் இருப்பது பெரும்பாலும் வீட்டிலேயே விலை கூடின வாட்ச்தான். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கட்டியதாக இருக்கும், அறுபதாம் கல்யாணச் சாந்திக்குப் பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் ஐயா (தாத்தா) ரங்கூனிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வாட்ச் வேலை பார்க்கிற மேசைக்கு வந்து கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இது நூறு மீட்டர்னு போட்டிருக்கு, ஆத்துல ஒண்ணும் ஆகாதுல்ல?" மீட்டர் கணக்கைப் பற்றிய கவலை தேவையில்லை. ஆற்றில் வாட்ச் கெடுவதும் தொலைவதும் வேறு காரணங்களால்.

முதலில் அந்த மீட்டரையே பார்த்துவிடுவோம். 10 மீட்டர் ஆழத்துக்குத் தோராயமாக 1 பார் அழுத்தம். ராஃப்டிங்கில் படகு கவிழ்ந்து ஆள் உள்ளே போனாலும், லைஃப் ஜாக்கெட் தூக்கிவிடுவதால், பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர்தான் இறங்குவார். தண்ணீரின் வேகம் அழுத்தத்தைக் கூட்டும் என்பது உண்மை, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிற தண்ணீர் நேராகக் கண்ணாடியில் மோதினாலும் கூடுவது 0.125 பார், அதாவது ஒண்ணேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம். கையை வீசினால் 30 மீட்டர் வாட்சுக்குள் தண்ணீர் போய்விடும் என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

அப்படியானால் 30 மீட்டர் போட்ட கார்ட்டியே டேங்க் வாட்சைக் கட்டிக்கொண்டு போகலாமா? கூடாது. அந்த எண் வாட்ச் புதிதாக இருந்தபோது, அசையாத நிலையில், பரிசோதனைக் கூடத்தில் தாங்கிய அழுத்தம். சாதாரண வாட்டர் ரெசிஸ்டன்ட் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 22810 தரத்தில் ஒவ்வொரு வாட்சையும் சோதித்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மாதிரிக்குச் சில எடுத்துப் பார்த்தால் போதும். டைவர் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 வேறு மாதிரி. அதில் குறைந்தது 100 மீட்டர் இருக்க வேண்டும், போட்டிருக்கிற எண்ணைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். டயலில் 'டைவர்ஸ்' என்று எழுதி 200 மீட்டர் போட்ட வாட்சும், வெறுமனே 50 மீட்டர் என்று போட்ட வாட்சும் எண்ணில் மட்டும் வித்தியாசப்படுகிறவை அல்ல.

தண்ணீரைத் தடுப்பது எஃகு இல்லை, ரப்பர். பின்மூடிக்கு அடியில் ஒரு வளையம், சாவிக்குள் (நேரம் வைக்க இழுத்துத் திருகுகிற குமிழ்) ஒன்று அல்லது இரண்டு, கண்ணாடியைச் சுற்றி ஒன்று. வேர்வை உப்பும், சன்ஸ்கிரீனும், நம் ஊர் சித்திரை வெயிலும் அதை இறுக்கிக் கல்லாக்கிவிடும். கட்டாமல் வைத்திருந்தால் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்டகத்திலும் பேங்க் லாக்கரிலும் பத்து வருஷம் படுத்திருந்த வாட்சும் தண்ணீர் விடும். வளையம் ஒரே இடத்தில் நசுங்கியபடியே காய்ந்து தட்டையாகிவிடும், நசுங்கினது திரும்ப எழாது. மூடியைத் திறந்ததும் பார்த்தாலே தெரியும். நல்ல ரப்பர் கறுப்பாக, உருண்டையாக, கிரீஸ் மினுமினுப்போடு இருக்கும். போன ரப்பரை ஊசியால் தூக்கினால் வளையாமல் பொட்டென்று உடையும், சில சமயம் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

அதனால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே பிரஷர் டெஸ்ட் பண்ணிவிட வேண்டும். முந்தின நாள் வந்தால், ஓட்டை இருப்பது தெரிந்தாலும் ரப்பர் வரவழைத்துப் போட நேரம் இருக்காது. டெஸ்ட் இரண்டு விதம். காற்றில் செய்கிற மிஷின், வாட்சைச் சுற்றி அழுத்தத்தை ஏற்றி இறக்கி, கண்ணாடி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும். தண்ணீரில் செய்வது கண்ணுக்கே தெரியும். கண்ணாடிக் குடுவையில் பாதிக்குத் தண்ணீர், அதற்கு மேலே காற்றில் வாட்ச் தொங்கும். கைப்பிடியை அடித்து 3 பாரோ 6 பாரோ காற்றை ஏற்றிச் சில நிமிஷம் விடுவோம். ஓட்டை இருந்தால் காற்று அதற்குள் உள்ளே புகுந்திருக்கும். பிறகு வாட்சைத் தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைக்க வேண்டும். உள்ளே போன காற்று வெளியே வரும். சாவிப் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, கோர்த்த மாதிரி சின்னச் சின்னக் குமிழி வந்தால் சாவி ரப்பர் போய்விட்டது. அந்த நொடியே வாட்சைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும், அழுத்தம் முழுசாக இறங்கும்வரை காத்திருந்தால் குமிழி வந்த வழியே தண்ணீர் உள்ளே போகும். தண்ணீருக்குள் வைத்தபிறகு அழுத்தத்தை ஏற்றுகிற கடையில் வாட்சைக் கொடுக்காதீர்கள். அது டெஸ்ட் இல்லை, ஓட்டை இருந்தால் வாட்சை மூழ்கடிக்கிற வேலை.

ரப்பருக்கு அடுத்தது சாவி. திருகி மூடுகிற சாவி இல்லாத வாட்ச் ஆற்றுக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. திருகுகிற சாவி உள்ள ரோலக்ஸ் சப்மரைனரோ ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 மாடலோ 300 மீட்டர் தாங்கும், அதுவும் திருகி இருந்தால்தான். திறந்து கிடக்கக் காரணம் பெரும்பாலும் நேரம் மாற்றுவது. திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் இறங்கினால் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். நேபாளத்துக்குப் போனால் கால் மணி நேரம். விமானத்தில் உட்கார்ந்தபடியே சாவியை இழுத்து முள்ளைத் தள்ளிவிட்டு, உள்ளே அழுத்தியதோடு விட்டுவிடுகிறோம். அழுத்தியது திருகியதாகாது. சரியாக மூட, சாவியை லேசாக அழுத்திக்கொண்டு முதலில் இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்புங்கள். மரை மரையில் விழுவது விரல் நுனியில் டக்கென்று தெரியும். அதன்பிறகு வலப்பக்கமாக, விரல் பலத்துக்கு மட்டும். முதல் அரைச் சுற்றிலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது, நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அந்த சீமாஸ்டரில் பத்து மணிப் பக்கம் இன்னொரு திருகு இருக்கும். அது ஆழ்கடல் டைவர்களுக்காக உள்ளே புகுந்த ஹீலியம் வாயுவை வெளியேற்றுகிற வால்வு, சாவி இல்லை. கை அரிப்புக்கு அதைத் திருகிப் பார்த்துவிட்டு அப்படியே விடுகிறவர்கள் உண்டு, அதையும் மூடியிருக்க வேண்டும். க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்) பட்டன்களைத் தண்ணீருக்குள் தொடவே தொடாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் குறைவு. லட்ச ரூபாய் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள, செயினை வாட்சோடு இணைக்கிற இரண்டு ஸ்பிரிங் பின். தண்ணீர் உள்ளே போன வாட்சை எப்படியாவது சரிபண்ணலாம். பின் விட்டு ஆற்றில் விழுந்த வாட்ச் திரும்பி வராது. கங்கையில் கலங்கல் தண்ணீர், உருண்டோடுகிற கல், நிற்காத இழுப்பு. எந்த கைடும் தேட இறங்க மாட்டார், இறங்கவும் கூடாது.

பின்னைப் பார்க்க அதைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வேர்வை உப்பு முதலில் தின்பது பின்னின் இரண்டு முனைகளைத்தான். செயினைக் கழற்றினால் முனையில் கறுப்புப் பொடி இருக்கும், துடைத்தால் பின்னின் தோள் தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். நுனியை விரலால் அமுக்கினால் சட்டென்று திரும்பி வர வேண்டும், சோம்பலாக வந்தால் உள்ளே துரு. வாட்சின் விலையோடு பார்த்தால் பின்னுக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை, பயணத்துக்கு முன்னால் புதுசு போட்டுவிடுங்கள். போட்டதும் வாட்சின் காதுக்கு (செயின் மாட்டுகிற நீட்டல்) பக்கத்தில் செயினைப் பிடித்து நாலு பக்கமும் பலமாக இழுத்துப் பாருங்கள். சரியாக உட்காராத பின் அப்போதே துள்ளிவிடும்.

அதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு வேண்டுமென்றால் செயினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு நைலான் நேட்டோ வார் போடுங்கள். ஒரே துண்டு வார், வாட்சின் முதுகுக்குக் கீழே போய் இரண்டு பின்னையும் கடந்து வரும். ஒரு பின் தெறித்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும், வாட்ச் வாரில் தொங்கும். செயினில் ஒரு பின் போனால் எல்லாம் போச்சு. செயினில் இன்னொரு ஆபத்து கொக்கி. துடுப்பும் கயிறும் பக்கத்து ஆளின் ஜாக்கெட் வாரும் உரசுகிற இடத்தில், அழுத்தித் திறக்கிற கொக்கி தானாகவே திறந்துகொள்ளும். மேலே மடக்குகிற பூட்டு இருந்தாலும் அதை நம்பி ஆற்றில் இறங்குவதற்கு எனக்கு மனசு வராது. தோல் வாரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஒரு நனையலுக்கு மேல் தாங்காது.

வாரை இறுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. கரையில் வெயிலில் நிற்கும்போது மணிக்கட்டு வீங்கியிருக்கும். ரிஷிகேஷில் கங்கை மே மாதத்திலும் பனி உருகிய தண்ணீர்தான். இறங்கிப் பத்து நிமிஷத்தில் கை சுருங்கி, சரியாக இருந்த வார் தொளதொளவென்று சுற்றும். அதனால் கரையில் வழக்கத்தைவிட ஒரு துளை கூட இறுக்கிக் கட்டுங்கள். இதே சூடும் குளிரும்தான் கண்ணாடிக்குள் ஆவி படியவும் காரணம். வெயிலில் காய்ந்த வாட்சுக்குள் இருக்கிற காற்று குளிர்ந்த தண்ணீரில் சுருங்கும்போது வெளியிலிருந்து இழுக்கப் பார்க்கும். ரப்பர் கொஞ்சம் போயிருந்தால் போதும், துளி அளவு உள்ளே போய்விடும்.

இனி அடி. ஆற்றுப் பாறையில் இருக்கிற குவார்ட்ஸ், கடினத்தைக் காட்டுகிற மோஸ் அளவில் 7. எஃகு அதைவிட மெத்து, 18 காரட் தங்கம் இன்னும் மெத்து. சபையர் கண்ணாடி 9, அதனால் கீறாது, ஆனால் ஓரத்தில் அடி பட்டால் சில்லு தெறிக்கும். தங்க வாட்சின் காது பாறையில் ஒருமுறை இடித்தால் வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தினாலும் பழைய கோடு வராது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கெடுவதும் உண்டு. ஷாக் ரெசிஸ்டன்ட் என்பதற்கான ஐஎஸ்ஓ 1413 சோதனை, மரத்தரையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அளவு அடிக்குத்தான். பாறையில் மோதுகிற படகும், அதில் சிக்குகிற கையும் அந்தக் கணக்கில் இல்லை. ஹேர்ஸ்பிரிங் என்கிற மெல்லிய சுருள் கம்பியின் சுற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ரோட்டர் (கை அசைவில் சுற்றுகிற எடை) தளர்ந்து சரசரவென்று உரசும், க்ரோனோகிராஃப் முள் பன்னிரண்டில் நிற்காமல் தள்ளி நிற்கும்.

இங்கேதான் எங்கே உட்காருகிறீர்கள் என்பது பெரிய வித்தியாசம் செய்கிறது. படகின் வலப்பக்கம் உட்கார்ந்தால் இடது கை துடுப்பின் உச்சியில் இருக்கிற டி பிடியைப் பிடிக்கும், வலது கை கீழே தண்டைப் பிடிக்கும். கீழே இருக்கிற கைதான் தண்ணீருக்குள் போய் வருவது, படகின் ஓரத்தில் உரசுவது, பாறையில் இடிப்பது. ஆக இடது கையில் வாட்ச் கட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார வேண்டும். இடப்பக்கம் இடம் கிடைத்தால் வாட்சை வலது கைக்கு மாற்றுங்கள், இல்லை கழற்றிவிடுங்கள். சாவி பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தால், துடுப்பைப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் புறங்கையில் குத்தும். அரை மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும்.

வாட்சைவிடப் பெரிய விஷயம் ஒன்று. தண்ணீரில் விழுந்தவரை ஜாக்கெட் தோள்வாரைப் பிடித்துத்தான் படகுக்குள் இழுப்பார்கள். அப்போது உங்கள் மணிக்கட்டு அவருடைய முகத்துக்கும் கழுத்துக்கும் பக்கத்தில் இருக்கும். கண்ணாடியைச் சுற்றி இருக்கிற கூரான பெசல் வளையமும் செயின் ஓரமும் தோலைக் கிழிக்கும். உங்கள் வாட்ச் கயிற்றில் மாட்டிக்கொண்டால் உங்கள் கையும் மாட்டிக்கொள்ளும். கைடு கழற்றச் சொன்னால் 300 மீட்டர் என்று வாதாடாமல் கழற்றிவிடுங்கள்.

கழற்றினால் எங்கே வைப்பது? படகில் கட்டியிருக்கிற, தண்ணீர் புகாத டிரை பேகில் வைக்கலாம். ஆனால் கேமராவோடும் ஃபோனோடும் உருளாதபடி சாக்ஸுக்குள் சுருட்டி, பையின் வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு சுருட்டிப் பூட்ட வேண்டும். துணி ஏற்றிப் போகிற ஜீப்பில், சட்டைப் பைக்குள் வைக்காதீர்கள். ஹோட்டல் அறைப் பெட்டி இரண்டையும்விட மேல். எல்லாவற்றையும்விட மேல், வீட்டிலிருந்து எடுக்காமலே இருப்பது. ஒரு ஜி-ஷாக் 200 மீட்டர் தாங்கும், அடியையும் தாங்கும், காணாமல் போனாலும் தூக்கம் கெடாது. ஆற்றுக்கென்றே ஒன்று வாங்கி வைத்துக்கொள்கிற வீடுகள் இங்கே கூடி வருகின்றன, அது நல்ல பழக்கம்.

ஐயா வாட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு வழியாக வந்த அந்தக் காலத்து ஒமேகா, ரோலக்ஸ், ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் வீட்டுப் பெட்டகங்களிலும் இன்னும் இருக்கின்றன. மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்றே பொறித்திருக்கும். அது அன்றைய வார்த்தை, இன்றைய உறுதி இல்லை. கண்ணாடி அக்ரிலிக், வெப்பத்தில் விரிந்து சுருங்கி இடம் விட்டிருக்கும். பல மாடல்களில் மூடி சும்மா அமுக்கி உட்கார்ந்திருக்கும். ஹேர்ஸ்பிரிங் நீல எஃகாக இருந்தால் ஒரே இரவில் துருப் புள்ளி விழும். டயல் வார்னிஷ் நனைந்தால் கொப்பளிக்கும், பழைய எழுத்து கரையும். ரீபெயிண்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அசல் டயல் போய்விட்டால் அந்த வாட்சின் மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும், ஐயா பார்த்த முகமும் போய்விடும். ஊர் எல்லையைத் தாண்டி அதை ஆற்றுக்கு எடுத்துப் போகாதீர்கள். கரையில் ஒரு போட்டோவுக்கு என்றும் கட்டாதீர்கள், போட்டோ எடுத்த கையோடு படகில் ஏறிவிடுவீர்கள்.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் வாட்சைக் காட்டி, சீரியல் நம்பரோடு எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது வரி கேட்டால் அந்தத் தாள்தான் பேசும். பயண இன்ஷூரன்ஸ் இருந்தால், விலை உயர்ந்த பொருளுக்கு எவ்வளவு உச்சவரம்பு, சாகச விளையாட்டின்போது தொலைந்தால் கிடைக்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடிக்கு அடியில் ஆவி தெரிந்தால் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சாவித் தண்டும் பல்சக்கரத் தண்டுகளும் எஃகு, ஒரு நாளிலேயே துரு பிடிக்கும். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு சாவியை நேரம் மாற்றுகிற நிலைக்கு இழுத்து வையுங்கள். நிறைய வாட்சுகளின் மிஷின் அதில் நின்றுவிடும், ஆவி வெளியேறவும் வழி கிடைக்கும். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு மூடின டப்பாவில் போடுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், அதன் மாவு சாவிக் குழாயில் ஏறும். ஹேர் டிரையர் காட்டினால் தண்ணீர் ஆவியாகி மிஷினின் எல்லாப் பக்கமும் பரவும். குவார்ட்ஸ் வாட்ச் என்றால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும், ஈரத்தில் மின்சாரம் ஓடினால் சர்க்யூட் அரித்துவிடும். காரைக்குடிக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் ரயிலில் கொண்டு வராதீர்கள். ரிஷிகேஷ் என்றால் டேராடூனிலும், தாண்டேலி என்றால் ஹுப்ளியிலும், குடகு என்றால் மைசூரிலும் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள். திறந்து உலர்த்தினாலே போதும், மீதி வேலையை ஊரில் செய்துகொள்ளலாம்.

நல்லபடியாகத் திரும்பினாலும் அன்று ராத்திரியே ஒரு வேலை இருக்கிறது. சாவி திருகியிருப்பதைப் பார்த்துவிட்டு வாட்சை நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பெசலைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றினால் மணல் உதிரும். செயின் இடுக்கை மெத்தென்ற பல் பிரஷ்ஷால் தேய்க்கலாம். நம் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் அப்படியே காயவிடாமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் இடுக்கெல்லாம் வெள்ளை உப்பு படியும். அதன்பிறகு மூன்று நாள் காலையில் ஃபோன் நேரத்தோடு வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சில விநாடி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. திடீரென்று நிமிஷக்கணக்கில் முன்னே ஓடினால் ஹேர்ஸ்பிரிங் ஒட்டியிருக்கும், அல்லது காந்தம் ஏறியிருக்கும். காந்தத்தை டீமேக்னடைசரில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம். எடுத்த பிறகும் ஓடினால் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.